வீடியோ எடிட் செய்யும்போது லேப்டாப் பயங்கரமாகச் சூடாகிறது, என்ன செய்வது?

புதுசு வாங்குங்கள் என்று சொல்கிறவர்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். காசு போடப்போவது அவர்கள் இல்லை. நீங்களும் என்னைப்போல வாடகை அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போடுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். மெத்தையென்றால் இப்போதே மேசைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான லேப்டாப்களுக்கு அடிப்பக்கத் துளை வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது.

நான் கோலாலம்பூர் செந்தூலில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ரெண்டர் போட்டால் முதலில் நன்றாக ஓடும். கொஞ்ச நேரத்தில் காற்றாடி அலறும், அப்புறம் வேகம் பாதியாக இறங்கிவிடும். அளந்து பார்த்தால் 97 டிகிரி. இன்டெல் பிராசஸர் சிப்புகள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை; அதை நெருங்கினால் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "அதான் தானே குறைத்துக்கொள்கிறதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்க ஆள் வரும், தெரியும். சிப்புக்கு ஒன்றும் ஆகாது, சரி. பக்கத்திலேயே இருக்கிற பேட்டரி? சூட்டில் கிடந்தால் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும், சிலது உப்பியும் போகும்.

புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு பாஸ்" என்று 900 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வட்டாரத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் அடிமூடியைக் கழற்றினார். காற்றாடி இறக்கை பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அதைத் தூக்கியதும் விஷயம் தெரிந்தது. செம்புக் குழாய் முடிகிற இடத்தில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளை அடைத்துக்கொண்டு தூசி, பூனை முடி, சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், முழுசாக உரிந்து வந்தது. "தம்பி, இதுதான் மதர்போர்டா?" என்றார். சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவியிருந்த பேஸ்ட்டும் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. வழித்துவிட்டுப் புதிது தடவினார். 50 வெள்ளி, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ). அவ்வளவுதான் செலவு.

நீங்களே காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் லேப்டாப்பை அணைத்துவிட்டு, காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். சுழலவிட்டு அடித்தால் அது கெட்டுப்போகலாம்.

அதற்கப்புறம் விண்டோஸில் ஒரு வேலை. பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' என்று இருக்கும். 100 என்பதை 99 ஆக்குங்கள். பெரும்பாலான மெஷின்களில் டர்போ, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடுவது, நின்றுவிடும், சூடு சட்டென்று இறங்கும். சில புது மாடல்களில் அந்த வரி மறைந்திருக்கும். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும்தான். "அப்போ எதற்கு விலை உயர்ந்த லேப்டாப்?" என்பவர்கள் பதினைந்து மணி நேரம் ஏர்கானில் உட்கார வசதி உள்ளவர்கள்.

ஏர்கான் என்றதும் வயிறு எரிகிறது. கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். அறை சூடானால் அதே அளவு லேப்டாப்பும் சூடாகும். வீட்டு உரிமையாளரோ இரவு ஒன்பதுக்கு மேல்தான் ஏர்கான் போடலாம் என்கிறார். இந்த அறை கிடைத்ததே பெரிய பாடு. "இந்தியர்களுக்கு வாடகைக்குக் கிடையாது" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். பெயரைக் கேட்டதும் "அறை போயிடுச்சு" என்பவர்கள் வேறு. மறுநாள் பார்த்தால் அதே விளம்பரம் அப்படியே இருக்கும். பிறந்து வளர்ந்த ஊரில் இதை எத்தனை வருஷம் சகிப்பது? சரி, நீங்கள் இதைக் கேட்கவில்லை.

கூலிங் பேட் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. உள்ளே அடைத்திருக்கும்போது அது வெறும் விளக்குப் போட்ட விசிறிதான். சுத்தம் செய்தபிறகு கொஞ்சம் உதவுகிறது. அந்தக் காசு இல்லையென்றால் பின்பக்கத்துக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடி வைத்து உயர்த்துங்கள். அதுவே பல டிகிரி குறைக்கலாம். பெரிய ரெண்டரை நான் இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

வாரண்டி இன்னும் இருக்கிறதென்றால் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ரசீதைத் தேடியெடுத்து, 'திறந்து சுத்தம் செய்து தாருங்கள்' என்று வாங்கிய இடத்திலேயே கேளுங்கள்.