கேமராவைக் கண்டால் பிரேக், தாண்டினால் ஆக்ஸிலேட்டர்

வணக்கம் ஐயா,

காரைக்குடி – திருப்பத்தூர் சாலையில் அடிக்கடி போய்வருகிறவன் நான். எங்கள் பக்கம் வேகக் கேமரா வைக்கச் சொல்லி மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கேமரா தெரிந்ததும் பிரேக் மிதிக்கிறார்கள், தாண்டியதும் பறக்கிறார்கள். வசூல் நடக்கிறதே தவிர சாவு குறைகிறதா? பேசாமல் ஊர் முனையில் ரெண்டு ஸ்பீடு பிரேக்கர் போட்டுவிடலாமே? போன மாதம் வெளியூரில் 78-ல் போனதாக எனக்கே ஒரு சலான் வந்தது. அந்தக் கருவியை எதை வைத்து நம்புவது?

— ஒரு வாசகர், குன்றக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

சாவு குறையத்தான் செய்கிறது. ஆனால் கேமரா நிற்கிற இடத்தைச் சுற்றித்தான். ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2010 தொகுப்பு பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கேமராக்களின் சுற்றுவட்டத்தில் மொத்த விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. சாவிலும் பெருங்காயத்திலும் முடிந்த விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. இந்த எண்களை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. போன வருஷம் நாலு பேர் செத்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கேமரா வைத்தால், அடுத்த வருஷம் எதுவும் செய்யாவிட்டாலும் அங்கே எண்ணிக்கை இறங்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்த நாலு என்பதே வழக்கத்தைவிடக் கூடுதல். முன்னே மூன்று வருஷம், பின்னே மூன்று வருஷம், கேமரா இல்லாத அதேபோன்ற இன்னொரு சாலை: இந்த மூன்றையும் காட்டாத எந்தப் புள்ளிவிவரத்தையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

கொஞ்சம் வேகம் கூடினால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 60-இல் வரும் கார், ஆட்டைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் இருந்தால் இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டரில் நின்றுவிடும். 80-இல் வரும் கார் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 33 மீட்டர் போயிருக்கும். முதல் கார் நின்ற அதே 45-ஆவது மீட்டரில் இது இன்னும் சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நடந்துபோகிறவர் மேல் அந்த வேகத்தில் மோதினால் உயிர் போகும் அபாயம் மிக அதிகம். இவ்வளவுக்கும் மிச்சமாகும் நேரம், 20 கிலோமீட்டர் தூரத்துக்கு 5 நிமிடம்.

நீங்கள் சொன்ன பிரேக்–ஆக்ஸிலேட்டர் விளையாட்டு உண்மைதான். ஒற்றைக் கம்பக் கேமராவின் பெரிய பலவீனம் அது. திடீர் பிரேக்கால் பின்னால் வருகிறவன் இடிப்பதும் நடக்கும். இதற்கு மாற்று, சராசரி வேகத்தைப் பிடிக்கும் முறை. ஊருக்கு முன்னால் ஒரு கேமரா, அதிலிருந்து 3 கிலோமீட்டரில் ஊர் தாண்டி இன்னொன்று. இரண்டும் நம்பர் பிளேட்டைப் படித்து நேரத்தைக் குறிக்கும். வரம்பு 60 என்றால் 3 நிமிடத்துக்குக் குறைவாகக் கடக்க முடியாது. 80-இல் போனவன் 2 நிமிடம் 15 விநாடியில் வந்து மாட்டுவான். கம்பத்தடியில் மட்டும் மிதிப்பதில் பயனில்லை. ஆனால் நடுவில் டீக்கடையில் நிறுத்தினவன் தப்பிவிடுவான், கிளைச்சாலையில் திரும்பினவன் கணக்கிலேயே வரமாட்டான். ஆகவே கிளைகள் குறைந்த நேர்ச்சாலைக்குத்தான் இது சரிப்படும். செட்டிநாட்டில் பொட்டல்வெளியை வெட்டிக்கொண்டு போகும் சாலைகள் பல அப்படித்தான் இருக்கின்றன. நேராகக் கிடப்பதால்தானே மிதிக்கத் தோன்றுகிறது!

ஸ்பீடு பிரேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டுநெறி கேட்டது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வளைமேடு. அதைச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். நம்மூரில் போடுவதோ ஒரு முழ அகலத்தில், செங்குத்தாக, வெள்ளைக்கோடுகூட இல்லாமல். ராத்திரியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களைத் தூக்கிப்போடுவது இதுதான். உள்தெருவுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் சரியான மேடு கேமராவைவிட நல்லது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும், நோட்டீஸ் அனுப்பத் தேவையில்லை. வேகம் ஓடும் பெருஞ்சாலையில் போடக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக வைக்கிற பேரிகார்டும் அப்படியே. அதில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் அதுவே ஆளைக் கொல்லும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் கூட்டத்துக்கு இது எதுவும் உதவாது. விடியுமுன் இருட்டில் சாலையோரம் போகிறார்கள். அந்த நாட்களுக்குத் தேவை இடம் மாற்றி நிற்கும் போலீஸின் கையடக்க லேசர் துப்பாக்கியும், கூட்டத்தின் கடைசியில் வருகிறவர்களின் முதுகில் மின்னும் பட்டையும்தான்.

இனி உங்கள் சலான். சாலையோர ரேடார் வாகனத்தை நேர் எதிரே பார்ப்பதில்லை, ஒரு கோணத்தில் பார்க்கிறது. 20 டிகிரிக்கு அளவு திருத்தி வைத்த கருவி, காற்றிலோ லாரி உரசியோ 15 டிகிரிக்குத் திரும்பிவிட்டால் 80-ஐ 82 என்று காட்டும். 25 டிகிரிக்குப் போனால் 77 என்று குறைத்துக் காட்டும். ஆகப் பிழை இருபக்கமும் வரும். அதனால்தான் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ என்ற விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும் என்கிறது. கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் பலகையும் இருக்க வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அதில் படம், அளந்த வேகம், இடம், தேதி, நேரம் எல்லாம் உண்டா என்று பாருங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா என்பதையும் பாருங்கள், மண் அப்பிய பிளேட்டில் 3-ஐ 8 என்று மென்பொருள் படிப்பதுண்டு. எல்லாம் சரியாக இருந்து, அந்தச் சாலையின் வரம்பு 70 என்றால், கட்டிவிடுங்கள். காருக்குச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய்.

மனுவில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஊர் முனையில் டேப் வைத்து 100 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒருவர் கைகாட்ட, மற்றவர் செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தட்டும். 6 விநாடி என்றால் 60, நாலரை என்றால் 80, 3.6 என்றால் 100. முன்னால் வண்டி இல்லாமல் தனியாக வருகிறவற்றை மட்டும் கணக்கெடுங்கள், லாரிக்குப் பின்னால் ஊர்கிறவை வேண்டாம். சாலையை விட்டுத் தள்ளி, மரத்தடியில் நில்லுங்கள். உங்களைக் கண்டால் மெதுவாகிவிடுவார்கள். 100 வண்டி ஆனதும் வேகப்படி வரிசைப்படுத்தி, குறைந்த வேகத்திலிருந்து எண்ணி 85-ஆவதைப் பாருங்கள். பொறியாளர்கள் கேட்பது அந்த எண்ணைத்தான். அது வரம்பை ஒட்டியிருந்தால் உங்கள் ஊருக்குத் தேவை கேமரா இல்லை, விளக்கும் நடைபாதையும். வரம்பைவிட 15, 20 கூடுதலாக இருந்தால் அந்தத் தாளையும், காவல் நிலையத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய மூன்று வருஷ விபத்துப் பட்டியலையும் சேர்த்து ஆட்சியர் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்கள். கேட்கும்போது ஒற்றைக் கம்பம் கேட்காதீர்கள், சராசரி வேகம் பார்க்கும் இரட்டைக் கேமரா என்றே எழுதுங்கள்.