அடுத்தவர் மட்டக்குதிரைக்கு உதவ ஆசையா? லத்தி அள்ளுவதில் தொடங்கு

கேள்வி: எனக்கு 13 வயது. பள்ளிக்குப் போகிற வழியில், வேலி போட்ட ஒரு மேய்ச்சல் நிலத்தில் இரண்டு மட்டக்குதிரைகள் நிற்கும். தினமும் சாயங்காலம் கேரட் கொடுப்பேன். என்னைப் பார்த்தாலே வேலிக்கு ஓடி வரும். அவற்றைக் கவனித்துக்கொள்ள உதவ வேண்டும், முடிந்தால் சவாரியும் பழக வேண்டும். உரிமையாளரிடம் எப்படிக் கேட்பது? அப்பாவோ, "அடுத்தவங்க குதிரைகிட்ட போகாத, உதைச்சிடும்" என்கிறார்.

பதில்: கேரட் விஷயத்தை முதலில் பேசிவிடலாம். அதை இன்றோடு நிறுத்திவிடு. உன் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சேராததைத் தின்றுவிட்டால் அது வெளியே வர வழியில்லை. வட்டவட்டமாக நறுக்கிய கேரட் துண்டு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். வெட்டிப்போட்ட புல்லைக் குவியலாகப் போட்டால் வயிற்றில் புளித்துப் பொங்கி, உயிருக்கே ஆபத்தான வயிற்றுவலி வரும்.

மட்டக்குதிரைகளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கொஞ்சம் புல்லிலேயே உடம்பு பெருத்துவிடும் இனம் அது. சர்க்கரைச் சத்து அதிகமானால் லாமினைடிஸ் என்ற குளம்பு நோய் வரலாம். குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய திசுவில் அழற்சி ஏற்பட்டு, அதன் பிடி தளர்ந்துவிடும். ஓர் அடி எடுத்து வைப்பதே அதற்கு வேதனையாகிவிடும். அப்படி ஒரு குதிரை முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்கால்களில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வேலியோரம் போனவர்கள் ஆசையாகக் கொடுத்த தீனிதான் காரணம். கொடுத்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. அந்த இரண்டு குதிரைகளும் ஏற்கெனவே அளந்து வைக்கும் தீவனத்தில் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நமக்குத் தெரியாது.

அதனால் உரிமையாளரைப் பார்க்கப் போகும்போது இதை நீயே சொல்லிவிடு. மறைக்காமல் சொல்லும் பிள்ளையைத்தான் நம்பிக் குதிரை பக்கத்தில் விட முடியும். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போ. இப்படிக் கேட்டால் போதும்: "இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போறேன். உங்களக் கேக்காம இத்தனை நாள் கேரட் குடுத்துட்டேன், தப்புதான். இனிமே குடுக்க மாட்டேன். சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வந்து லத்தி அள்ளித் தரட்டுமா?"

"ஏதாவது உதவி வேணுமா?" என்று பொதுவாகக் கேட்டால் என்ன வேலை சொல்வது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு நாள், ஒரு நேரம், ஒரு வேலை என்று கேட்டால் சரி என்பது சுலபம். சவாரியைப் பற்றி அன்றைக்கு வாயே திறக்காதே. குதிரை வைத்திருப்பவர்களிடம் உதவுகிறேன் என்று வந்து, இரண்டாம் நாளே எப்போது ஏறலாம் என்று கேட்டவர்கள் நிறைய.

அவர் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். புதிதாக வரும் பிள்ளையால் முதல் சில வாரங்களுக்கு உரிமையாளரின் வேலை குறையாது, கூடத்தான் செய்யும். கற்றுக்கொடுக்க வேண்டும், ஒரு கண் உன் மேலேயே இருக்க வேண்டும், உனக்கு அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்தப் பாரத்தை எவ்வளவு சீக்கிரம் குறைக்கிறாயோ அவ்வளவு சீக்கிரம் நீ அங்கே வேண்டியவள் ஆகிவிடுவாய். சொன்ன நேரத்துக்கு வருவது, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வது, திறந்த கதவை மூடி, கொண்டி விழுந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் இதையெல்லாம் முதல் நாளிலிருந்தே செய்யலாம்.

லத்தி அள்ளச் சொன்னேனே, அது ஏதோ எடுபிடி வேலை என்று நினைக்காதே. குதிரையின் குடற்புழுக்கள் போடும் முட்டைகள் லத்தி வழியாகத்தான் வெளியே வரும். முட்டை பொரிந்து, புழு புல்லின் மேல் ஏறும், குதிரை அந்தப் புல்லைத் தின்னும். வாரத்துக்கு இரண்டு முறை லத்தியை அள்ளிவிட்டால் இந்தச் சுற்று அறுந்துபோகும். அள்ளும்போது கவனித்துப் பார். நல்ல லத்தி உருண்டை உருண்டையாக, தரையில் விழுந்ததும் லேசாக உடையும். தண்ணீராகப் போயிருந்தாலோ, வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தாலோ உரிமையாளரிடம் போய்ச் சொல். வயிற்றுக் கோளாறின் முதல் அடையாளம் பல சமயம் அதுதான். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவதும், பிரஷ்களை அலசிக் காயவைப்பதும் இதே மாதிரி உருப்படியான வேலைகள். ஒரு குதிரையின் பிரஷை இன்னொன்றுக்கு எடுக்காதே. படர்தாமரை அப்படித்தான் பரவும், உனக்கும் தொற்றும்.

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மட்டக்குதிரை என்றாலும் 250, 300 கிலோ இருக்கும். குணம் கெட்டு உதைப்பதைவிட பயந்து உதைப்பதுதான் அதிகம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே, தோள்பட்டைப் பக்கமாகப் போ. பின்புறமாகச் சுற்றிப்போக வேண்டுமென்றால் நன்றாகத் தள்ளிப் போ. காதைப் பின்னால் படுக்கவைத்து, வாலை வெடுக்கென்று வீசினால் அது உன்னை எச்சரிக்கிறது, விலகி நில். இரண்டு குதிரைகளுக்கு நடுவில், அதுவும் தீவன நேரத்தில், போகவே போகாதே.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. இதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். குதிரை மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு இறுகி உன்னை இழுத்துப் போகும், விரலே போய்விடும். மீதிக் கயிற்றை மடிப்பு மடிப்பாக மடித்து, மடிப்பின் நடுவில் பிடி. மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும்போது, உள்ளே போனதும் குதிரையின் முகத்தை வேலிப் பக்கமாக, உன்னைப் பார்க்கத் திருப்பிவிட்டு அப்புறம் அவிழ். விட்டவுடன் துள்ளி ஓடும் குதிரை பின்காலை வீசும். அந்த நேரத்தில் நீ அதன் பின்னால் இருக்கக் கூடாது.

குளம்பு சுத்தம் செய்ய ஒரு நாள் உரிமையாளர் உன்னைக் கூப்பிடுவார். வால் பக்கம் பார்த்து, தோளை ஒட்டி நில். கையைத் தோளிலிருந்து கால் வழியாகத் தடவிக்கொண்டே இறக்கி, கணுக்காலுக்கு மேலே லேசாக அழுத்தினால் பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். அந்தக் கனம் உள்ளங்கையில் வந்து இறங்குவது தனி சந்தோஷம். அடியில் நடுவே ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு முக்கோணம் இருக்கும், அதைக் குத்தாதே. அதன் இரு பக்கப் பள்ளங்களிலும் இருக்கும் மண்ணையும் கல்லையும் குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கிக் கொக்கியால் இழுத்து எடு. மண்டியிடாதே, தரையில் உட்காராதே. குனிந்து நின்றால்தான் சட்டென்று விலக முடியும்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. மகளுக்குத் தடித்த ஷூ வாங்கிக் கொடுங்கள், செருப்போடு அனுப்பாதீர்கள். குதிரைச் சவாரிக்கென்று செய்த ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் போதாது. கீழே நின்று வேலை செய்யும்போதும் அதைப் போட்டுக்கொள்ளட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியின் காலம் முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் கிருமி குதிரை லத்தியிலும் மண்ணிலும் இருக்கும். உரிமையாளரை நேரில் பார்த்து, யார் உடனிருப்பார்கள், அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் யாரும் இல்லாத நேரத்தில் அவள் குதிரையிடம் போகக் கூடாது. நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, சவாரி தருகிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் இடமாக இருந்தால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.

சவாரிக்கு வருவோம். உரிமையாளராகவே கூப்பிட்டாலும் குதிரைக்கு நீ பொருத்தமா என்று பார்க்க வேண்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 250 கிலோ குதிரையென்றால் 50 கிலோ. வயதான குதிரைக்கும் சவாரியே பழகாத குதிரைக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. ஏறிப் பழகுவதைப் பயிற்சிப் பள்ளியில் தொடங்குவது நல்லது, அடுத்தவர் குதிரை நீ தவறு செய்து கற்றுக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டாம்.

அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். காரணம் கேட்காதே, நன்றி சொல்லிவிட்டு வா. சவாரிப் பள்ளிகளிலும் கைவிடப்பட்ட குதிரைகளை வளர்க்கும் காப்பகங்களிலும் உதவிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். வயது வரம்பை முன்கூட்டியே விசாரித்துக்கொள். முகம் கொஞ்சம் இளகி இருந்தால் மட்டும் ஒன்று கேட்டுப் பார்: லாடக்காரர் வரும் நாளில் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாமா என்று. லாடம் இல்லாத குதிரைக்கும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க அவர் வந்துதான் ஆக வேண்டும். குதிரை எப்படி நிற்கிறது, அவர் கை எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிரு.