எதிர்க்கட்சி எம்.பி.யால் நலத்திட்டங்களில் என்ன செய்ய முடியும்?

இலங்கையில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் பலருக்கு இருக்கும் கேள்வி இது. எதிர்க்கட்சி எம்.பி. என்பவர் ஆட்சியில் இல்லாத, ஆனால் ஆட்சியைக் கேள்வி கேட்கும் பிரதிநிதி. காசு ஒதுக்க அவரால் முடியாது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, அரசின் பணத்தைத் தொடும் சட்டமூலத்தை அமைச்சரவை ஒப்புதலோடு அமைச்சர்தான் கொண்டுவரலாம்.

சரி, அப்படியென்றால் அவர் பாராளுமன்றத்தில் பேசி என்ன பயன்? குளத்துத் துருசை, அதாவது தண்ணி விடும் மதகைத் திறப்பது அதிகாரிதான். ஆனாலும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கடைசி வாய்க்கால்காரர் எழும்பி, "எங்கட வயலுக்கு ஏன் தண்ணி வரேல்லை?" என்று கேட்டால் எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டிவரும். பாராளுமன்றத்தில் எம்.பி. அமைச்சரிடம் நேரில் கேட்கும் வாய்மூல வினாவும் அப்படித்தான். அமைச்சரின் பதில் ஹன்சாட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்த வருடமும் எடுத்துக் காட்டலாம். இதை நான் பெரிய பலமாகவே பார்க்கிறேன்.

அப்புறம், எம்.பி.யின் கடிதம் இருந்தால் அரசின் உதவித்தொகைத் திட்டமான அஸ்வெசும பட்டியலில் பெயர் வந்துவிடும் என்பது தவறு. அதற்கு மேன்முறையீடுதான் செய்ய வேண்டும்.