ஃபுட் டிரக் நிலைக்குமா? முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலையில் இருக்கிறேன். வயது 36. சேமிப்பு 9 லட்சம் ரூபாய். ஃபுட் டிரக் போட ரொம்ப நாள் ஆசை. பழைய குட்டி யானை (டாடா ஏஸ்) ஒன்றை வாங்கி, பாடி கட்டி, அடுப்பு, ஃப்ரிட்ஜ், லைட் எல்லாம் போட்டுத் தர ஏழரை லட்சம் கேட்கிறார்கள். பர்கர், மோமோஸ், ஃப்ரைஸ், கூடவே என் மனைவி செய்யும் பள்ளிபாளையம் சிக்கன், அரிசிம்பருப்பு சாதம் என்று மெனு யோசித்திருக்கிறோம். மாமனாரோ, "இதெல்லாம் ரெண்டு வருசத்து மோகமுங்க மாப்ள, அடங்கிப் போயிரும்" என்கிறார். இது நிலைக்கிற தொழில்தானா? வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். வண்டிக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பணம் கொடுத்த பிறகுதான் வருகிறார்கள்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. மஞ்சள் பல்பு மாலை, சுவரில் ஆங்கில வாசகம், நாற்பது ஐட்டம் எழுதிய கரும்பலகை, இந்த மோகம் அடங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வண்டியில் சமைத்து ரோட்டோரம் விற்பது மோகமே இல்லை. கையேந்தி பவனுக்கு நம் ஊரில் எத்தனை வயது? சென்னை பாரிமுனைப் பக்கம் போனால், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸை இன்றும் வண்டியில் வைத்துக் கலக்கித் தருகிறார்கள். உங்கள் கோவையிலேயே ரோட்டுக்கடை காளானுக்கு இருக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 2008 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ராய் சோய் என்ற சமையல் கலைஞரும் கூட்டாளிகளும் கோகி என்ற வண்டியை இறக்கினார்கள். கொரியன் இறைச்சியை டாக்கோ என்ற மெக்சிகன் மடிப்பு ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். இன்று ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று ட்விட்டரில் சொன்னார்கள். ஜனம் வரிசை கட்டியது. பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம், கடை பிடித்து உணவகம் தொடங்கப் பணமில்லாதவர்கள் எல்லாம் வண்டிக்குத் தாவினார்கள். இன்று நாம் ஃபுட் டிரக் என்றதும் நினைக்கிற உருவம் பெரும்பாலும் அந்த அலையில் வந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அதே ஊரில் கட்டட வேலை நடக்கிற இடங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் மெக்சிகோ வழி வந்தவர்கள் வண்டியில் டாக்கோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அலைக்கு முன்னும் அவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பசிக்கிற நேரத்தில், பசிக்கிற ஆளுக்குப் பக்கத்தில், தினமும் நின்றார்கள்.

அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். நீங்கள் நிற்கப்போகிற இடம் நிலைக்குமா?

ஓரிகன் மாநிலத்து போர்ட்லாண்ட் நகரம் வண்டிக் கடைகளுக்குப் பேர்போனது. நகரின் நடுவே ஆல்டர் தெருவில், ஒரு கார் பார்க்கிங்கைச் சுற்றி டஜன் கணக்கில் வண்டிகள் வருஷக்கணக்காக நின்று நல்ல வியாபாரம் செய்தன. 2019இல் அந்த நிலத்தில் நட்சத்திர ஓட்டலோடு பெரிய கட்டடம் எழுப்ப முடிவானது. அத்தனை வண்டிகளும் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டில் குறையில்லை, வாடிக்கையாளர் குறையவில்லை, காலுக்குக் கீழே இருந்த நிலம் அவர்களுடையது இல்லை, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இதற்கு நேர் எதிர். 1970களிலும் 80களிலும் தெருவோரக் கடைக்காரர்களை அரசாங்கமே ஹாக்கர் சென்டர் என்ற பொது உணவுக்கூடங்களில் இடம் கொடுத்து உட்கார வைத்தது. சக்கரம் போனது, சமையல் போகவில்லை. அந்த ஹாக்கர் கலாசாரம் 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது.

சக்கரம் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். நடைமுறையில் அது வேறு மாதிரி. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014இல் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழு, கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ், விற்பனை மண்டலம் என்று ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால் புதிதாக ஒரு மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து பொதுச் சாலையில் நிறுத்தினால் அந்தச் சட்டம் தானாகக் காப்பாற்றிவிடும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். மாநகராட்சியில் நேரில் கேளுங்கள். என் அபிப்பிராயம், தனியார் இடம்தான் நல்லது. பெட்ரோல் பங்கை ஒட்டி வேண்டாம். அலுவலகப் பார்க்கிங், அபார்ட்மெண்ட் வாசல், காலி மனை, எதுவானாலும் 11 மாத ஒப்பந்தம் எழுதி, தண்ணீர், கரண்ட், கழிவுநீர், குப்பை நான்குக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி நின்று, வியாபாரம் சூடு பிடித்த மூன்றாம் மாதம் வாடகை இரட்டிப்பான கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

சரி, வண்டிக்கு வருவோம். குட்டி யானையின் சுமைப் பெட்டி சுமார் 7 அடி நீளம், அகலம் 5 அடிக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் அடுப்பு, கல், ஃப்ரிட்ஜ், சிங்க், மேடை போக, இரண்டு பேர் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு நிற்கத்தான் இடம் மிஞ்சும். ஏப்ரல் மாத மாலையில், மேலே தகரக் கூரை, பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி என்று அரைமணி நேரம் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன். பத்தாவது நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆள் தங்காமல் போவதற்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிய காரணம்.

எடையையும் போட்டுப் பாருங்கள். அந்த வண்டி தாங்கும் பாரம், மாடலுக்கு மாடல் மாறினாலும், முக்கால் டன் அளவுதான். தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 35 கிலோவுக்கு மேல் வரும், இரண்டுக்கு 70. ஆட்கள் இரண்டு பேர் 130. ஸ்டீல் பாடி, மேடை, கல், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 350 என்று வைத்தாலே கணக்கு 750ஐத் தொட்டுவிட்டது. சாமான் இன்னும் ஏறவே இல்லை. சுமை மீறினால் டயரும் ஸ்பிரிங்கும் முதலில் போகும், அப்புறம் பிரேக். அதனால் பாடி கட்டுபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எல்லாம் கட்டி முடித்து வண்டி எத்தனை கிலோ வரும்?" என்பதுதான். எடைமேடைச் சீட்டு தருகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்டிஓ ஒப்புதலும் ஆர்சி புத்தகத்தில் பதிவும் வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் விபத்து நடக்கிற நாளில்தான் தெரியவரும். சிலிண்டரைச் சமையல் பகுதிக்கு வெளியே தனிப் பெட்டியில் வையுங்கள், அந்தப் பெட்டிக்கு அடியில் காற்றுத் துளை இருக்க வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம்; கசிந்தால் தரையில்தான் படியும். மேலே மட்டும் ஜன்னல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அடுத்தது பணம். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு போடுகிறேன், உங்கள் ஊர் விலையை வைத்து நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஒருவர் சராசரியாக 70 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார், நாளுக்கு 110 பேர், மழை, லீவு, ரிப்பேர் போக மாதம் 24 நாள். விற்பனை 1,84,800 ரூபாய். சாமானுக்கு 40 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 74,000. ஆள் சம்பளம் இரண்டு பேருக்கு 32,000. இடவாடகை 15,000. காஸ் 13,000. டீசல், தண்ணீர், ஐஸ், கரண்ட் 8,000. பார்சல் டப்பா, தட்டு 9,000. வண்டி ரிப்பேருக்கு எடுத்துவைக்க 4,000. மிஞ்சுவது 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்த வேகத்தில் ஆண்டு விற்பனை 22 லட்சத்தைத் தாண்டுகிறது என்பதையும் கவனியுங்கள். உணவகத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 5 சதவீதத்தை விலையில் ஏற்றாமல் நீங்களே ஏற்றால் மாதம் சுமார் 9,000 அதில் போய்விடும். கைக்கு வருவது 20,000 சொச்சம். ஏழரை லட்ச ரூபாய் வண்டி ஐந்து வருஷத்தில் தேய்ந்துபோகும் என்றால் மாதம் 12,500 அதற்கும் ஒதுக்க வேண்டும்.

இதே கணக்கை நாளுக்கு 80 பேர் என்று மாற்றிப் போடுங்கள். விற்பனை 1,34,400. சம்பளம், வாடகை, டீசல் குறையாது. காஸும் டப்பாவும் கொஞ்சம் குறையும். மாதக் கடைசியில் மிஞ்சுவது 4,000 ரூபாய். நாளுக்கு முப்பது பேர் குறைந்தால் உங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. புது வண்டியைப் பார்த்து முதல் மாதம் போட்டோ எடுக்க வருகிற கூட்டத்தில் இந்த முப்பது பேர் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். ஆறாவது மாதம் தெரிவார்கள்.

போன வருஷம் ஒரு ரோட்டில் எதிரெதிரே நின்ற இரண்டு வண்டிகளை நான்கு மாலைகள் உட்கார்ந்து கவனித்தேன். ஒன்று அழகான ஃபுட் டிரக், இன்னொன்று காளான் தள்ளுவண்டி. காளான்காரர் சட்டியின் ஓரத்தில் கரண்டியைத் தட்டுகிற சத்தம் ரோடு முழுக்கக் கேட்கும். தட்டில் அள்ளிப் போட்டு, வெங்காயம் தூவி, கொத்தமல்லி கிள்ளி, மேலே நொறுக்கிய சிப்ஸ் போட்டு நீட்ட அவருக்கு ஆன நேரம் முப்பது, நாற்பது விநாடி. வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே "காரம் கம்மி தானுங்க?" என்று கேட்பார். எதிரே டிரக்கில் ஒரு பர்கர் கைக்கு வர ஏழு நிமிஷம். பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் செய்தார்கள். ஆனால் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை உள்ள இரண்டு மணி நேரம்தான் வியாபாரமே. அதில் எத்தனை ஏழு நிமிஷம் இருக்கிறது? மூன்றாவது நாள், வரிசையில் ஐந்தாவதாக நின்ற ஒரு குடும்பம் குழந்தை அழுததும் ரோட்டைத் தாண்டி காளான் வண்டிக்குப் போய்விட்டது.

அதனால்தான் உங்கள் மெனுவைப் படித்தபோது பர்கரையும் மோமோஸையும் அடித்துவிடலாம் என்று தோன்றியது. அவற்றைச் செய்ய உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். சின்ன வெங்காயம், விதை தட்டிய வரமிளகாய், தேங்காய்க் கீற்று மட்டும் போட்டு வதக்கிய பள்ளிபாளையம் சிக்கனும், நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதமும் அப்படியல்ல. சரவணம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் கொங்குப் பிள்ளைகளுக்கு அது அம்மா கைச்சாப்பாடு. இன்னொரு லாபமும் இருக்கிறது. இரண்டையும் வீட்டுச் சமையலறையில் முடித்து எடுத்துக்கொண்டு போகலாம். வண்டியில் சூடு வைத்துப் பரிமாறினால் போதும். தட்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, உள்ளே எண்ணெய்ச் சட்டி வேண்டாம், சின்ன வண்டியே போதும். சாதத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூட்டிலேயே வைத்திருங்கள். ஆறிய சாதத்தை மறுபடி சூடு காட்டி விற்கவே கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கும்போது வீட்டுச் சமையலறையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வண்டி வாங்காமலே இதைச் சோதிக்க முடியும். பக்கத்து அபார்ட்மெண்ட் சங்கத்தில் பேசி, சனி, ஞாயிறு மாலை மட்டும் ஒரு மேஜை போடுங்கள். பாத்திரம், சூடு காக்கும் பெட்டி, பதிவு எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குள் அடக்கப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் நடத்துங்கள். மொத்தம் எத்தனை தட்டு விற்றது என்பதைவிட, போன வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இந்த வாரமும் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பத்தில் நான்கு பேர் திரும்பி வந்தால் உங்களுக்குத் தொழில் இருக்கிறது என்று நான் நம்புவேன். இரண்டு பேர்கூட வரவில்லை என்றால், அந்த 60,000 ரூபாய் உங்கள் ஏழரை லட்சத்தைக் காப்பாற்றியது.

அப்படியானால் டிரக் யாருக்குத்தான் சரி? மத்தியானம் ஒரு கம்பெனி வளாகம், சாயங்காலம் ஒரு அபார்ட்மெண்ட், முகூர்த்த நாட்களில் மண்டபத்து லைவ் கவுண்டர் என்று, ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நகர்கிறவருக்குச் சரி. அவருக்குச் சக்கரம் சம்பாதித்துக் கொடுக்கிறது. ஒரே இடத்தில்தான் நிற்கப்போகிறீர்கள் என்றால் ஏழரை லட்சத்தில் பாதியைக்கூடச் செலவழிக்காமல் ஒரு சின்னக் கடையோ நல்ல தள்ளுவண்டியோ போட்டுவிடலாம், மீதி ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பாக இருக்கும். உங்கள் இப்போதைய திட்டத்தில் வண்டி வாங்கியபின் கையில் ஒன்றரை லட்சம்தான் நிற்கும். ஒரு ஐப்பசி மழைக்கும் ஒரு இன்ஜின் வேலைக்கும் அது தாங்காது.

வருகிற செவ்வாய்க்கிழமை மாலை, வேலை முடிந்ததும் நீங்கள் நினைத்திருக்கிற இடத்துக்குப் போங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்க்கிறவர் கூட இருந்தால் எண்ணிக்கை நேர்மையாக இருக்கும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை அந்த ரோட்டில் நின்று சாப்பிட்டவர்களை எண்ணுங்கள். மாதக் கடைசியில் ஒரு நாள், மழை பெய்கிற ஒரு நாள் என்று இன்னும் இரண்டு தடவை எண்ணுங்கள். மூன்று எண்ணும் கையில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேஜையை எங்கே போடலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.