பனியில் தெரிந்த சிலுவை

கேள்வி: மலைகளைப் படமெடுக்கும்போது ஜெபத்தில் இருப்பதாகவே உணர்கிறேன். நிலக்காட்சிப் புகைப்படம் ஒன்று பலருடைய கிறிஸ்தவ விசுவாசத்தைத் தொட்ட வரலாறு உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள ஒரு மலையின் முகப்பில், பாறைப் பிளவுகளில் தங்கும் பனி, கோடையில் சிலுவை வடிவாகத் தெரியும். ஹேடன் தலைமையிலான அரசு நில ஆய்வுக் குழுவுடன் சென்ற வில்லியம் ஹென்றி ஜாக்சன், 1873 ஆகஸ்டில், எதிரேயுள்ள நாட்ச் மலைமீது கனமான கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்தேறி அதைப் படமெடுத்தார். அந்நாளைய ஈரக் கொலோடியன் முறையில், ரசாயனம் பூசிய தகடு உலர்வதற்குள் படமெடுத்து, அதே இடத்தில் இருட்டறைக் கூடாரம் அமைத்துக் கழுவியாக வேண்டும். அந்த உழைப்பை நினைக்கையில் எனக்கு மெய்சிலிர்க்கிறது; நீங்கள் சொல்லும் ஜெபம், ஒளிக்காக அப்படிக் காத்திருக்கும் பொறுமையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

படத்தைக் கண்ட பலர், அது படைத்தவரே மலையில் இட்ட அடையாளம் என்று போற்றினார்கள். தீ விபத்தில் மனைவியை இழந்த கவிஞர் லாங்ஃபெலோ, 1879இல் எழுதிய கவிதையில், வெயிலுக்கும் கரையாத அந்தப் பனிச்சிலுவையைத் தம் நெஞ்சிலுள்ள துயரத்தோடு ஒப்பிட்டார். பிற்காலத்தில் யாத்திரிகர்களும் அங்கே திரண்டார்கள். ஜாக்சன் தம் படத்தில் சிலுவையின் கரத்தைத் திருத்தித் தெளிவாக்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பனி எழுதியதே போதுமானதாக இருந்தது.