மூன்று நாளில் பருவைப் போக்கிய ட்யூப்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு முகமெல்லாம் பரு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வருகிறது. நாலு மாதமாக இப்படித்தான். அட்டையில் மோமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று இருக்கிறது. இப்போது ஒரு பார்லரில் ஆறு சிட்டிங்கில் பரு அடியோடு போய்விடும் என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். தொடரலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள் அம்மா. பார்லர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். எனக்குக் கவலை தருவது அந்த ட்யூப்தான்.

மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அமுக்கிவிடும். அதனால்தான் மூன்று நாளில் பளிச்சென்றது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், ரோமம் வளரும், அந்த மருந்தே பருவையும் கிளப்பும். நிறுத்தியதும் இரண்டு மடங்காக வருவது உங்கள் மகளின் தோல்வாகு அல்ல, மருந்தின் வேலை. இந்த மூன்று மருந்துக் கலவை மங்குக்காக, அதுவும் கொஞ்ச காலத்துக்கு, மருத்துவர் எழுதித் தருவது. பருவுக்கானதே அல்ல. ஷெட்யூல் எச், அதாவது மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து, என்று அட்டையிலேயே இருக்கும். சீட்டு இல்லாமல் அதை விற்றதே தவறு. 2018-இல் மேலும் 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மத்திய அரசு அந்தப் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் கவுன்ட்டரில் சர்வசாதாரணமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். வயதுப் பிள்ளைகளின் முகம் இதில் கெடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தோல் மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் பணம் வாங்க மாட்டார்கள். ட்யூபை எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும். மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

லேசான பருவுக்குப் பெரும்பாலும் அடாபலீன் ஜெல்லோ பென்சாயில் பெராக்சைடோ எழுதுவார்கள். ட்யூப் சில நூறு ரூபாய்தான். அடாபலீனை இரவில், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் தடவ வேண்டும், பரு மேல் மட்டும் அல்ல. முதல் சில வாரம் தோல் உரியும், எரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பலரும் மூன்றாம் வாரத்திலேயே ‘இது சரியில்லை’ என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஸ்டீராய்டுக்கே போகிறார்கள். பென்சாயில் பெராக்சைடில் 10 சதவீதம் இருந்தால் நல்லது என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும், எரிச்சலும் குறைவு. தலையணை உறை மட்டும் வெளுத்துப்போகும், பழைய துணியைப் போடுங்கள். கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக வாங்கிப் பூச வேண்டாம், கிருமிகள் அதற்குப் பழகிவிடும். தழும்பு விழும் அளவு பெரிய கட்டிகளுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் மருந்து என்பதால் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கூடவே கூடாது.

இனி பார்லர். அழுத்தித் தேய்க்கும் ஃபேஷியல் வீங்கிய பருவை மோசமாக்கும். ‘அடியோடு போகும்’ என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சிட்டிங் தொடங்கவில்லை என்றால் 5,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், அழிக்காமல் வையுங்கள். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அதோடு கதை முடியாது. தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அந்தப் பழைய ட்யூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பில் இருந்தால் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கவும் அந்த ட்யூப் வேண்டும்.