ஆற்றங்கரைப் பாப் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கலாமா, எதிர்க்கரையில் நின்று கேட்டால் போதுமா?

கேள்வி: இந்தக் கோடையில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்கு வருகிறேன். எல்பே ஆற்றங்கரையில் நடக்கும் திறந்தவெளிப் பாப் கச்சேரி பாலத்திலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் இலவசமாகக் கேட்கும் என்கிறார்கள். டிக்கெட் வாங்குவது வீண் செலவா?

டிக்கெட் வாங்குங்கள். இங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களில் பலர், “பாலத்தில் நின்றாலே கேட்கிறதே, எதற்குக் காசைக் கரைக்கிறாய்?” என்பார்கள். நானும் இலவசக் கூட்டத்தோடு நின்றிருக்கிறேன், உள்ளேயும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு கச்சேரிகள்.

காரணம் இடத்தின் அமைப்பில் இருக்கிறது. பழைய நகரம் தென்கரையில். கச்சேரி நடப்பது வடகரையில், கோனிக்ஸ் ஊஃபர் என்னும் புல்வெளிச் சரிவில். ஊர் நடுவே இவ்வளவு பெரிய வெற்றிடம் கட்டடங்களுக்குத் தப்பிப் பிழைத்திருப்பது, வெள்ளம் ஏறும் இடம் என்பதால்தான். 2002 ஆகஸ்டில் எல்பே 9.40 மீட்டர் வரை ஏறியது. அதனால் மேடை, திரை, இருக்கை எல்லாவற்றையும் கோடைக்காக எழுப்பி, முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். 1991 முதல் கோடைதோறும் இங்கே திரைப்படங்களும் கச்சேரிகளும் நடந்துவருகின்றன.

மேடை ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. ஒலிபெருக்கிகள் எல்லாம் சரிவை நோக்கியவை. தாழ்ந்த சுருதி ஒலி நாலாபக்கமும் பரவும், உயர்ந்த சுருதி ஒலி முன்பக்கமாகத்தான் போகும். ஆகவே எதிர்க்கரையில் புரூல் மாடம் என்னும் உயர்ந்த நடைமேடையில் நிற்பவருக்கு டிரம்ஸ் தும் தும்மென்று நெஞ்சில் இடிக்கும். பாட்டின் வரிகளில் பாதி வந்துசேராது. பார்ப்பதற்கும் மேடையின் முதுகுச் சாரமும் தொங்கும் கேபிள்களும்தான்.

உள்ளே இருப்பவருக்கோ பாடகருக்குப் பின்னால் நகரமே திரைச்சீலை. ஃபிரௌவன் தேவாலயத்தின் கல் கோபுரம், அரசவைத் தேவாலயம், சற்றுத் தள்ளி செம்பர் ஓப்பரா அரங்கம். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் தரைமட்டமாகி 2005-இல் மீண்டும் திறக்கப்பட்டது அந்த ஃபிரௌவன் தேவாலயம் என்று தெரிந்து பார்த்தால் பார்வையே வேறாகிவிடும். கோடையில் சூரியன் வடமேற்கில் மறைவதால், சாய்வெயில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து அந்தக் கட்டடங்கள் மேல் விழுகிறது. ஒன்பது மணிக்குச் சற்று முன்பு கல்லெல்லாம் தேன் நிறம். பிறகுதான் மேடை விளக்குகளுக்கு மதிப்பு.

யாருடைய கச்சேரி என்று கேட்டால், ஜெர்மன் பாடகர் ரோலண்ட் கைசருடையது. 1952-இல் பிறந்தவர், 2003 முதல் இங்கே பாடிவருகிறார். ‘கைசர்மேனியா’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஓர் இரவுக்கு 12,000 பேர் வரை கூடுவார்கள். ஷ்லாகர் என்னும் இந்த எளிய ஜெர்மன் பாப் பாட்டு வகையை, மெத்தப் படித்த ஜெர்மானியர் அலுவலகத்தில் கேலி செய்வார்கள். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு மனப்பாடம். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மையார் ஒருவர், கையில் இருந்த ஒயின் சிந்தாமல், ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டே, நடுநடுவே என்னிடம் திரும்பி அடுத்த வரியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார். அரைகுறை ஜெர்மன் போதும். காதல், பிரிவு, மறுபடி காதல், அவ்வளவுதான் பொருள்.

ஒரே குறை, அவருடைய டிக்கெட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வேறு யார் பாடினாலும் போங்கள். இந்த இடத்தில் சுமாரான பாடகர்கூடத் தேறிவிடுவார்.

மழைக்குக் கச்சேரி நிற்காது; பின்வரிசையை மறைக்கும் என்பதால் குடையை விட்டுவிட்டு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் சுட்டாலும் இரவில் ஆற்றுக் காற்று சில்லிடும், ஒரு மேலங்கி வேண்டும். பியர் கோப்பைக்கு முன்பணம் பிடிப்பார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். முன்வரிசை நிற்குமிடத்துக்கு ஆசைப்படாதீர்கள். சரிவில் மேலே உட்கார்ந்தால்தான் மேடைக்கு மேல் நகரம் தெரியும்.

இரவு அமைதி விதி உள்ள நாடு என்பதால் பதினொன்றுக்கு மேல் இழுக்க மாட்டார்கள். 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் இடிந்து விழுந்த பிறகு, தென்கரைக்குப் போகும் கூட்டம் பெரும்பாலும் அகஸ்டஸ் பாலத்தில்தான் நெரிகிறது. அந்தப் பக்கம் தங்குவதாக இருந்தால் டிராமுக்குக் காத்திராமல் நடந்துவிடுங்கள். விடுதி வடகரையில் கிடைத்தால் இன்னும் நல்லது.